இணையத்தில் வாங்கும் கைக்கடிகாரம்: ‘ஒரிஜினல்’ என்று எழுதிக் கொடுப்பது யார்?

சில வருடங்களாக நம் ஊர் வாட்ச் கடைகளுக்கு ஒரு புது மாதிரி வாடிக்கையாளர் வருகிறார். அவர் வாட்ச் வாங்க வரவில்லை, ரிப்பேருக்கும் வரவில்லை. செல்போனில் பார்த்து வெளியூரிலிருந்து தருவித்த வாட்சைப் பொட்டலத்தோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, “ஏனுங்கண்ணா, இது ஒரிஜினலுங்களா? பார்த்து ஒரு சீட்டு எழுதிக் குடுங்க” என்கிறார். பத்து நிமிட வேலைக்குக் காசு என்ன கேட்பது என்று நம்மில் பலர் பார்த்துச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதியும் கொடுத்துவிடுகிறோம். அந்தச் சீட்டு பிறகு என்னவாகிறது, இதே வேலையை வெளிநாடுகளில் தனித் தொழிலாக எப்படி நடத்துகிறார்கள், நம் கடைக்காரர்கள் இதில் இறங்கினால் எதில் கவனம் வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

நமக்கே நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பீளமேட்டில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், மில்லில் இருந்த காலத்தில் தம் தாத்தா கட்டியிருந்தது போலவே ஓர் எச்.எம்.டி. பைலட் வாட்சை இணையத்தில் ரூ. 3,800 கொடுத்து வாங்கியிருந்தார். மூடியைத் திறந்து பார்த்தோம். டயல் புதிதாக அச்சடித்தது. முட்கள் வேறு வாட்சினுடையவை. ‘ஒரிஜினல் அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். விற்றவர் திருப்பி எழுதிய பதில் இது: உள்ளே இருக்கும் இயந்திரம் எச்.எம்.டி.யுடையது, கூடு எச்.எம்.டி.யுடையது, ஆகவே ஒரிஜினல் என்று சொன்னதில் பொய் இல்லை. அவர் சொன்னதும் உண்மை, நாம் எழுதியதும் உண்மை. எந்தப் பாகம் ஒரிஜினல் அல்ல என்று நாம் சீட்டில் எழுதவில்லை. அதனால் அந்தச் சீட்டு ஒன்றுக்கும் உதவவில்லை, இளைஞரின் பணமும் திரும்பவில்லை. பிழை நம்முடையதுதான்.

பஞ்சு வியாபாரத்தில் பழகிய நம் ஊருக்கு இந்தப் பிழை வந்திருக்கக் கூடாது. மில்லுக்கும் பஞ்சுக் கடைக்கும் தரத்தில் தகராறு என்றால் சாம்பிள் சிட்ராவுக்குப் போகும். 1956-இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நிலையம் ‘நல்ல பஞ்சு’ என்று எழுதி அனுப்புவதில்லை. இழை நீளம் இவ்வளவு, மைக்ரோனேர் இவ்வளவு, குப்பை இவ்வளவு என்று எழுதுகிறது. நல்லதா கெட்டதா என்பது வாங்குகிறவர் பேசிய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பரிசோதனைக்கூட அறிக்கைகளின் அடியில் வழக்கமாக இன்னொரு வரியும் இருக்கும்: இம்முடிவு அனுப்பப்பட்ட சாம்பிளுக்கு மட்டுமே பொருந்தும். இந்த இரண்டு பழக்கத்தையும் வாட்சுக்குக் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது.

தங்கத்துக்கு இந்தச் சங்கடம் குறைவு. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட தனிக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்று ஆகிவிட்டது. ராஜ வீதியில் சிறிய பட்டறை வைத்திருப்பவருக்கும் அது தெரியும். தங்கத்தில் கேள்வி ஒன்றுதான், மாற்று என்ன என்பது. வாட்ச் அப்படியல்ல. சாதாரணச் சாவி வாட்சிலேயே நூறு பாகங்களுக்குக் குறையாது. டயல் ஓரிடம், முள் ஓரிடம், கூடு ஓரிடம், இயந்திரம் ஓரிடம் என்று சேர்த்து ஒரு வாட்ச் செய்துவிடலாம், அது ஓடவும் ஓடும். அரசாங்க முத்திரை என்று ஒன்றும் கிடையாது. பார்க்கிறவரின் கண்தான் முத்திரை.

எச்.எம்.டி. வாட்சில் இதை விரிவாகப் பார்க்கலாம். நம் பகுதியில் அதிகம் கைமாறும் பழைய வாட்ச் அதுதான். ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று பல மாடல்கள் வந்தன. கல்யாணத்துக்கும் பரீட்சைப் பாசுக்கும் வேலை ஓய்வுக்கும் நம் வீடுகளில் கொடுத்தது அதைத்தான். ஹோசூரில் தொழிற்சாலை அமைத்த டைட்டன் குவார்ட்ஸ் வாட்சுகளோடு வந்த பிறகு சாவி வாட்சுக்கு மவுசு இறங்கியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தச் செய்தி வந்ததும், டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த வாட்சுகளுக்கு விலை ஏறத் தொடங்கியது. விலை ஏறினால் சரக்கு வேண்டும். கம்பெனி இல்லாதபோது சரக்கு எங்கிருந்து வரும்? பழைய இயந்திரத்துக்குப் புது முகம் பூட்டித்தான் வரும்.

இந்த வகைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மும்பைக்காரர்களுக்கு அது நியாயமான பெயர்தானா என்று நமக்குத் தெரியாது, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. பழைய டயலைச் சுரண்டி, வண்ணம் பூசி, எழுத்தைப் புதிதாக அச்சடிப்பார்கள். கம்பெனி ஒருநாளும் போடாத நிறங்களெல்லாம் வரும். ஜனதாவிலும் பைலட்டிலும் ஒரே குடும்பத்து 17 கல் சாவி இயந்திரங்கள் ஓடுவதால், விலை குறைந்த ஜனதாவுக்குக் கறுப்பு டயல் மாற்றினால் விலை கூடிய ‘பைலட்’ கிடைத்துவிடும்.

பார்க்கிற முறையைச் சொல்கிறோம். இளைய தலைமுறைக் கடைக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம். முதலில் லென்ஸ் வைத்து நிமிடக் கோடுகளைப் பாருங்கள். கம்பெனி அச்சில் கோடுகள் ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் இருக்கும். மறு அச்சில் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் இளைத்திருக்கும், எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். அடுத்து முட்கள். வினாடி முள்ளின் நுனி நிமிடக் கோட்டை எட்டாமல் பாதியில் நின்றால் அது வேறு வாட்சின் முள். டயலில் உள்ள ஒளிப்பூச்சு பச்சையாகவும் முள்ளில் உள்ளது பழுப்பாகவும் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. பிறகு கூடு. ஜனதாவின் கூடு வெள்ளிநிற முலாம் பூசிய மட்ட உலோகம், பின்மூடிதான் ஸ்டீல். நாற்பது வருட வியர்வை பட்ட முலாம் காதோரங்களில் பொரிந்திருக்கும். கூடு பொரிந்து, டயல் மட்டும் நேற்று வாங்கினது போல் மின்னினால் சந்தேகப்படத்தான் வேண்டும். டயலில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்து, மூடியைத் திறந்தால் சுழலும் எடை இல்லாத சாவி இயந்திரம் இருப்பதையும் பார்த்திருக்கிறோம்.

கடைசியில் டயலைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். இயந்திரத்தில் சொருகும் இரண்டு கால்களையும் வெட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டியிருந்தால், அந்த டயல் இந்த இயந்திரத்துக்கு உரியதல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் டயலைக் கழற்றாதீர்கள். முள் வளைந்தால் பழி உங்கள் மேல் வரும்.

மறு அச்சு டயல் போட்டாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. அப்பாவின் வாட்ச் கறுத்துவிட்டது, புதிதாக்கிக் கொடுங்கள் என்று கேட்பவருக்கு நாமே மாற்றிக் கொடுத்திருக்கிறோம். ‘டயல் மறு அச்சு’ என்று சொல்லி ரூ. 1,200-க்கு விற்றால் அது வியாபாரம். அதையே சொல்லாமல் ரூ. 3,800-க்கு விற்பதுதான் வம்பு.

விலை உயர்ந்த சுவிஸ் வாட்சுகளில் கதை வேறு. அங்கே முழு வாட்சுமே போலி. முன்பு கையில் எடுத்து எடை பார்த்தே சொல்லிவிடலாம், வினாடி முள் தாவித் தாவிப் போனால் உள்ளே பேட்டரி என்று தெரிந்துவிடும். இப்போது அந்த நம்பிக்கை வேண்டாம். மணிக்கு 28,800 துடிப்பு ஓடும் ஆட்டோமேட்டிக் இயந்திரமே போலிக்குள்ளும் ஓடுகிறது. எடை சரியாக இருக்கிறது, ஸ்டீல் நன்றாக இருக்கிறது, வாரண்டி அட்டைகூட அச்சடித்து வருகிறது. துடிப்பைக் கேட்டு அளக்கும் கருவி இயந்திரத்தின் ஆரோக்கியத்தைச் சொல்லுமே தவிர அதன் குலத்தைச் சொல்லாது. மூடியைத் திறந்து, இயந்திரத்தின் பாலம், திருகு, எழுத்துச் செதுக்கல் இவற்றை அந்த மாடல் தெரிந்த கண் பார்த்தால்தான் உண்டு. அந்தக் கண் நம்மிடம் இல்லாத பிராண்டுக்குச் சீட்டு எழுதாமல், கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

இனி வெளியே இதை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்போம். ஈபே நிறுவனம் 2020 செப்டம்பரில் அமெரிக்காவில், 2,000 டாலருக்கு மேற்பட்ட வாட்சுகளுக்கு ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. விற்பவர் வாட்சை வாங்குபவருக்கு அனுப்புவதில்லை, நடுவில் உள்ள பரிசோதனை மையத்துக்கு அனுப்புகிறார். அங்கே நிபுணர் திறந்து பார்த்து, விளம்பரத்தில் எழுதியதோடு ஒத்துப்பார்த்து, சரியென்றால் வாங்குபவருக்கு அனுப்புகிறார். வாங்கியவர் திருப்பி அனுப்பினாலும் அதே மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இந்தப் பின்பாதி மிகவும் முக்கியம். ஏனென்றால் ஏமாறுகிறவர் எப்போதும் வாங்குபவர்தான் என்பதில்லை. நல்ல வாட்சை வாங்கி, உள்ளிருப்பதை மாற்றி, ‘பிடிக்கவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. இணையத்தில் விற்கும் நம் உறுப்பினர்கள் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

இரண்டாவது வழி, வாட்சைப் பார்க்காமல் பணத்தை மட்டும் பிடித்து வைப்பது. ஜெர்மனியின் கிரோனோ24 பணத்தைத் தன் பொறுப்பில் நிறுத்திவைத்து, வாட்ச் போய்ச் சேர்ந்து வாங்கியவருக்கு அவகாசம் கொடுத்த பிறகே விற்றவருக்கு விடுவிக்கிறது. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. பாஸீ டாட் காம் என்ற இந்தியத் தளத்தை 2004-இல் ஈபே வாங்கி நடத்தியபோது ‘பைசாபே’ என்ற பெயரில் இதையேதான் செய்தார்கள். அந்த இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எல்.சி.யில் வங்கி பார்ப்பது தாள்களைத்தான், பனியன் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வாங்குபவர் தனியாக இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் அனுப்புகிறார். பணத்தைப் பிடித்து வைப்பது ஒரு வேலை, சரக்கைப் பார்ப்பது வேறு வேலை. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, விற்பவரே பொறுப்பேற்பது. ரோலக்ஸ் 2022 டிசம்பரில், தன் விற்பனையாளர்கள் மூலம் விற்கும் பழைய வாட்சுகளுக்குத் தானே சான்று கொடுத்து, இரண்டு வருட உத்தரவாதமும் தரத் தொடங்கியது. நம் நாட்டில் எதோஸ் நிறுவனம் ‘செகண்ட் மூவ்மென்ட்’ என்ற பெயரில் பழைய வாட்சுகளைச் சரிபார்த்துச் சான்றோடு விற்கிறது. விலை கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல், தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதற்குக் கொடுக்கும் விலை.

நான்காவது, போட்டோ மட்டும் பார்த்துச் சான்று கொடுப்பது. இதில் நமக்கு நம்பிக்கை இல்லை. மூடியும் திறக்காது. போட்டோவில் உள்ள வாட்சும் பார்சலில் வரும் வாட்சும் ஒன்றுதான் என்று அந்தச் சான்றால் சொல்லவும் முடியாது. வாங்குகிறவர்களுக்கு நாம் சொல்லும் யோசனை எளியது. விற்பவரின் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுத் தாளை வாட்சின் பக்கத்தில் வைத்து, பின்மூடி திறந்த நிலையில் படம் கேளுங்கள். பார்சல் வந்ததும் பிரிப்பதைச் செல்போனில் இடைவெட்டு இல்லாமல் படமெடுங்கள்.

கம்பெனியே சான்று கொடுத்தால் மறுபேச்சு இல்லை என்று நினைப்பவர்கள் ஒமேகாவுக்கு நடந்ததைக் கேளுங்கள். 1957-ஆம் ஆண்டு அறிமுகமான ஸ்பீட்மாஸ்டர் மாடலில் ஒரு பழைய வாட்ச் 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. எதிர்பார்த்த விலையைப் போல் இருபது மடங்குக்கும் அதிகம். வாங்கியது ஒமேகாவின் சொந்த மியூசியமே. 2023-இல், பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது அது என்று வெளியானது. தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு அதில் பங்கு உண்டென்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. பாகங்களில் பெரும்பாலானவை ஒமேகாவினுடையவைதான். நம் பீளமேட்டு இளைஞரின் பைலட்டும் அப்படித்தானே இருந்தது? ரூ. 3,800-க்கும் கோடிக்கணக்குக்கும் வியாதி ஒன்றுதான்.

சட்டப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். போலி வணிகக்குறி உள்ள சரக்கை விற்றால் 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 104-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. தக்க எச்சரிக்கை எடுத்தேன், சந்தேகிக்கக் காரணம் இல்லை, யாரிடம் வாங்கினேன் என்ற விவரம் இதோ என்று காட்டினால் தப்பிக்க அதே பிரிவு வழிவிடுகிறது. அந்த விவரம் கொள்முதல் நோட்டில் இருந்தால்தான் காட்ட முடியும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு. கடத்தல் சரக்கு என்று நியாயமாக நம்பிக் கைப்பற்றினால், அது கடத்தல் அல்ல என்று நிரூபிக்கும் பாரம் வைத்திருப்பவர் மேலேயே விழும். இந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடும் சரக்குகள் தங்கமும் வாட்சுகளும்தான். ஆகவே வெளிநாட்டு வாட்ச் ஒன்று நூற்றுக்கு நூறு அசலாகவே இருந்தாலும், பில் இல்லையென்றால் அதை வாங்கி வைப்பது ஆபத்து. திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவும் வரும். சான்றுச் சீட்டு கேட்டு வருகிறவரிடம் வாட்ச் எப்படி வந்தது என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை.

நமக்குச் சாதகமான விதியும் ஒன்று உண்டு. பழைய சரக்கை வாங்கி விற்பவர், கொள்முதலில் உள்ளீட்டு வரி எடுக்காதிருந்தால், ஜி.எஸ்.டி. விதி 32(5)-இன்படி லாபத் தொகைக்கு மட்டும் வரி கட்டலாம். ரூ. 4,000-க்கு வாங்கிய வாட்சை ரூ. 5,500-க்கு விற்றால் ரூ. 1,500-க்குத்தான் வரி. இதற்கும் கொள்முதல் நோட்டு சுத்தமாக இருக்க வேண்டும். ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, நம் கடைகள் இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நாற்பது வருடம் எச்.எம்.டி. மூடியைத் திறந்த கை மும்பையிலோ ஜெர்மனியிலோ இல்லை, டவுன்ஹால் பக்கத்திலும் ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும்தான் இருக்கிறது. அந்தக் கைக்குக் கூலி கேட்கலாம். தயவுக்கு எழுதுகிற சீட்டில்தான் அசட்டை வரும். கூலி வாங்கி எழுதும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. சீட்டை வாங்கிச் சென்றவர் அதைப் படமெடுத்து, அதே வாட்சை இணையத்தில் விற்கப் போடலாம். அல்லது அதே சீட்டை வேறொரு வாட்சின் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கலாம். உங்கள் கடைப்பெயர் எங்கேயோ ஒருவருடைய சரக்குக்கு ஜாமீன் நிற்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகையால் சீட்டில் பின்மூடியின் எண்ணும், இயந்திர எண்ணும், தேதியும் இல்லாமல் இருக்கக் கூடாது. திறந்த நிலையில் ஒரு படமெடுத்து நம்மிடமும் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் கடையில் இப்போது கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதும் புத்தகம் ஒன்று அச்சடித்து வைத்திருக்கிறோம். மூடி திறந்து பார்க்க ரூ. 200, டயல் கழற்றிப் பார்க்க ரூ. 400. அதில் கூடு, பின்மூடி, டயல், முட்கள், சாவிக் குமிழ், இயந்திரம், கண்ணாடி என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘கம்பெனியுடையது’, ‘மாற்றியது’, ‘மறு அச்சு’, ‘சொல்ல இயலாது’ என்ற நான்கில் ஒன்றைக் குறிக்கிறோம். நான்காவதைக் குறிக்க முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. அடியில் ‘மேற்கண்ட எண்ணுள்ள வாட்சை மேற்கண்ட தேதியில் பார்த்தபோது’ என்று ஒரு வரி, நம் தவறென்று தெரிந்தால் எவ்வளவு தொகை வரை நாம் பொறுப்பு என்று ஒரு வரி. அந்தத் தொகை நாம் வாங்கிய கூலியைப் போல் பத்து மடங்கு. ‘ஒரிஜினல்’ என்ற சொல் அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை.

பீளமேட்டு இளைஞருக்கு முதல் பிரதியை இலவசமாகவே எழுதிக் கொடுத்தோம். தாத்தா அந்த வாட்சைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாராம். மணி சரியாகத்தான் காட்டுகிறதாம்.

படிவத்தின் மாதிரி வேண்டும் உறுப்பினர்கள் கடை முகவரியோடு சங்க அலுவலகத்துக்கு எழுதினால் அனுப்பி வைப்போம்.